கேட்பதற்கு ஒரு செவி

அயர்லாந்து என்ற பெயரைக் கேட்டாலே நம் தேசபக்தர்களுக்கு மயிர்க்கூச்செறிந்த காலம் ஒன்று இருந்தது. 1920-ஆம் வருஷத்தில் டெரன்ஸ் மாக்ஸ்வினி லண்டன் சிறையில் 74 நாள் பட்டினி கிடந்து உயிர் நீத்த செய்தி நம் நாட்டிலும் பலருடைய உள்ளத்தை உருக்கிற்று. அப்படிப் போராடி விடுதலை பெற்ற நாடு தன் ஏழைக் குழந்தைகளை எப்படி வைத்துக் கொண்டது என்ற வரலாற்றை அண்மையில் படித்தேன். அன்று முதல் அது என் மனத்தை விட்டு அகலவில்லை.

அயர்லாந்தில் 'தொழிற் பள்ளிகள்' என்று ஒரு வகை ஸ்தாபனங்கள் இருந்தன. 1868-ஆம் வருஷத்தில் இங்கிலீஷ் சர்க்கார் செய்த சட்டத்தினால் ஏற்பட்டவை. தாயோ தகப்பனோ இறந்து போனால், குடும்பம் வறுமையில் வாடினால், பையன் பள்ளிக்கூடத்துக்குச் சரியாய்ப் போகாவிட்டால், கோர்ட்டார் உத்தரவு போட்டுக் குழந்தையை அங்கே அனுப்பி விடுவார்கள். பதினாறு வயது வரையில் வாசம் அங்கேதான். நடத்தியவர்கள் பெரும்பாலும் துறவிகளும் கன்னிமார்களும். தலைக்கு இவ்வளவு என்று சர்க்கார் பணம் கொடுத்தது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்தால், தலைகள் குறையாமல் பார்த்துக் கொள்வது மனித சுபாவந்தானே? 1922-ல் கொடி மாறிற்று. சட்டம் மாறவில்லை, பிரம்பும் மாறவில்லை.

மேற்குக் கடற்கரையோரம் லெட்டர்பிராக் என்னும் ஊரில் இருந்த பள்ளிக்கு 1924-ல் பீட்டர் டிரெல் என்ற எட்டு வயதுச் சிறுவன் அனுப்பப்பட்டான். எட்டு வருஷம் அடியும் பயமுமாய்க் கழித்தான். பிற்பாடு பட்டாளத்தில் சேர்ந்து, இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் கைதியானான். லெட்டர்பிராக்கைக் காட்டிலும் அந்தக் கைதி முகாம் எவ்வளவோ மேல் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். நடந்ததையெல்லாம் அதிகாரிகளுக்கும் துறவிகளின் சபைக்கும் எழுதிப் பார்த்தார். ஒருவரும் செவி சாய்க்கவில்லை. ஓவன் ஷீஹி ஸ்கெபிங்டன் என்ற செனட்டர் ஒருவர் மட்டும் அவர் பேச்சைக் கேட்டு, முழுவதையும் எழுதும்படி தூண்டினார். டிரெல் எழுதினார். ஆனால் அச்சில் வரவில்லை. 1967-ல் லண்டனில் ஒரு திடலில் அவர் தீக்குளித்து மாண்டார். எரிந்து மிஞ்சிய ஒரு தபால் கார்டுத் துண்டில் இருந்த செனட்டரின் பெயரைக் கொண்டு, இறந்தவர் யார் என்று கண்டுபிடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. கைப்பிரதி செனட்டரின் காகிதங்களோடு நூல் நிலையத்தில் கிடந்து, 2006-ல் புத்தகமாய் வெளிவந்தது.

1999-ல் மேரி ராப்டரி என்ற பெண்மணி இப்பள்ளிகளைப் பற்றி டெலிவிஷனில் மூன்று பகுதிகளாக ஒரு படம் காட்டினார். நாடே திடுக்கிட்டது. அந்த வருஷம் மே 11-ந் தேதி பிரதம மந்திரி பெர்ட்டி அஹர்ன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். விசாரணைக் கமிஷன் ஒன்றும் ஏற்பட்டது.

அந்தக் கமிஷனில் இரண்டு பிரிவுகள். ஒன்று கோர்ட்டைப் போன்றது; வக்கீல்கள், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது மற்றொன்று. அங்கே எதிர்க் கட்சி கிடையாது. வந்தவர் தம் மனம்போல் பேசலாம். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். எதிரே இருப்பவர்களுக்கு ஒரே வேலை, கேட்பது. இப்படி 1,090 பேர் வந்து சொன்னார்கள். பெரும்பாலோர் நடு வயதைத் தாண்டியவர்கள். கட்டிய மனைவியிடமும் பெற்ற பிள்ளைகளிடமும் வாய் திறந்து சொல்லாததை அங்கே சொன்னவர்கள் உண்டு.

இது பெரிய காரியமா என்று சிலர் கேட்கக் கூடும். நம் வீடுகளையே பாருங்கள். "என்னை அடித்தார்கள்" என்று ஒரு குழந்தை அழுதுகொண்டு வந்தால், நாம் முதலில் கேட்பது என்ன? "நீ என்ன விஷமம் செய்தாய்?" என்பதுதான். அந்த ஒரு கேள்வியிலேயே குழந்தையின் வாய் அடைத்துப் போகிறது. வீட்டிலேயே இப்படி என்றால், வீடே இல்லாத குழந்தை யாரிடம் போய்ச் சொல்லும்?

2009 மே 20-ந் தேதி, நீதிபதி ஷான் ரையன் தலைமையில் கமிஷனின் அறிக்கை ஐந்து பாகங்களாக வெளியாயிற்று. அடியும் பயமும் அப்பள்ளிகளில் அன்றாட வழக்கமாய் இருந்தன என்று அது ஒளிவு மறைவின்றிக் கூறிற்று. ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். வெளியீட்டுக்காகப் பத்திரிகைக்காரர்கள் கூடிய மண்டபத்துக்குள், அந்தத் துன்பத்தை அனுபவித்தவர்களை விடவில்லை! அவர்கள் வாசலில் நின்று சத்தம் போட வேண்டியதாயிற்று. துன்புறுத்தியவர்களின் பெயர்களும் அறிக்கையில் இல்லை. துறவிகளின் சபை ஒன்று வழக்குத் தொடுத்ததன் பலன் அது.

நஷ்ட ஈட்டின் கதை இன்னும் விசித்திரமானது. 2002-ஆம் வருஷத்துச் சட்டப்படி பணம் பெற்றவர்கள், ஸ்தாபனத்தையோ ஆளையோ அடையாளம் காட்டும்படி அந்த விண்ணப்பத்தைப் பற்றியும் தொகையைப் பற்றியும் வெளியிடக் கூடாது. மீறினால் அபராதமும் சிறையும். ஒரு கையால் வாயைத் திறந்து, மறு கையால் பொத்துவது என்றால் இதுதான். அதே வருஷம் 18 சபைகள் 12 கோடியே 80 லட்சம் யூரோ தருவதாக ஒப்புக்கொண்டு, மேற்கொண்டு வரக்கூடிய பொறுப்பைச் சர்க்காரின் தலையில் வைத்துவிட்டன. வியாபாரம் தெரிந்தவர்கள்!

2019-ல் சர்க்கார் மற்றொரு மசோதா கொண்டு வந்தது. சாட்சியங்களையெல்லாம் 75 வருஷம் பூட்டி வைப்பது என்று அதில் கண்டிருந்தது. ரகசியமாய் இருக்கும் என்ற வாக்கை நம்பியே பலர் பேசினார்கள் என்பது சர்க்காரின் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் தாம் சொன்னதைத் தாமே திரும்ப வாங்கிக் கொள்ளவோ, உலகுக்குக் காட்டவோ விரும்புகிறவருக்கு என்ன பதில்? ஒவ்வொருவரையும் அழைத்து, "உங்கள் வார்த்தையை என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கலாம். பலத்த எதிர்ப்புக் கிளம்பிற்று. 2020 ஜனவரியில் பார்லிமெண்டு கலைந்தபோது மசோதாவும் நிறைவேறாமல் போயிற்று.