தொப்பூர் இறக்கத்துக்கான கணக்கு

நாமக்கல் லாரிக்கு பாடி கட்டும் ஊர். சங்ககிரி லாரி ஓட்டிப் பிழைக்கும் ஊர். திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளை நாடு முழுக்க அனுப்பும் ஊர். இந்த மூன்றுக்கும் நடுவே சாலையோரம் கிடக்கும் பட்டறைகளில் எந்த இரும்பையும் அவ்வளவு சுலபமாகக் காயலான் கடைக்குப் போட்டுவிட மாட்டார்கள். நான் போன பட்டறையில் மூக்கு நீண்ட பழைய டாட்டா ஒன்று பின்சக்கரங்கள் இல்லாமல் மரக்கட்டைகள் மேல் நின்றது. ரிக்குக்குத் துணை வண்டி அது. குழாய்கள், டீசல் பேரல், ஆட்களின் சட்டி பானை எல்லாம் அதில்தான் போகும். அதற்கு மாட்டுவதற்காக, வெகு காலம் பின்னால் வந்த வேறொரு லாரியிலிருந்து கழற்றிய பின் ஆக்ஸில், பிரேக் டிரம்மோடு தரையில் கிடந்தது.

பழைய வண்டியில் இருந்தது ஆயில் பிரேக். மிதிக்கும் விசைக்குத் துணையாகக் காற்று இருந்தாலும், சக்கரத்தில் ஷூவைத் தள்ளுவது எண்ணெய்தான். சக்கரத்துக்குச் சக்கரம் சிலிண்டர் கசிகிறது, நல்ல உதிரி பாகம் கிடைப்பதில்லை. புதிய ஆக்ஸிலில் முழுக்கக் காற்று பிரேக். வண்டி ஓனர் கேட்டது எளிமையான வேலை: பின்னால் மட்டும் மாற்றிக் கொடுங்கள், முன்னால் ஆயிலே இருக்கட்டும்.

“அப்படி ஒரு வண்டிய நான் வெளிய விடமாட்டேனுங்க” என்றார் பட்டறை மேஸ்திரி. போனில் ஓனரிடம் சொன்னதை எனக்காக இன்னொரு தடவை சொன்னார்.

காரணத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு விளக்கினார். எண்ணெய் மிதித்ததும் தள்ளும். காற்று அப்படியில்லை, நீளமான குழாயில் ஓடி, பின்னால் சக்கரத்தருகே உள்ள காற்றுச் சேம்பரை நிரப்பின பிறகுதான் தள்ளும். ஆக, முன்சக்கரம் முதலில் பிடிக்கும், பின்சக்கரம் ஒரு கணம் பிந்தும். பிந்திப் பிடிக்கிற பிரேக்கோ பழையதைவிடப் பலமானது. குழாய்களை இறக்கிவிட்டுக் காலியாக வரும் வண்டியில் பின்பாரம் இருக்காது. ஈரச் சாலையில் பின்சக்கரம் உருளாமல் இறுகிவிட்டால் வண்டி குறுக்கே திரும்பிவிடும். ஓனர் அரை மனதோடு முன் ஆக்ஸிலும் வாங்கச் சம்மதித்தார். வேலை இரட்டிப்பானது.

ஆக்ஸில் மாற்றுவது என்றால் யூ போல்ட்டைக் கழற்றி மாட்டுவதுதான் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். கழற்றுவதை இரண்டு பையன்கள் காலையிலேயே முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அளவெடுப்பு. புதிய ஹவுசிங்கில் ஸ்பிரிங் உட்காரும் சீட்டு இரண்டும் பழைய சேஸிஸின் பட்டைகளுக்கு நேராக வரவில்லை. அவற்றை வெட்டி எடுத்து, இடம் மாற்றி வெல்டிங் வைக்க வேண்டும். ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் ஹவுசிங் வளையும். வளைந்த ஹவுசிங்குக்குள் ஆக்ஸில் ஷாஃப்ட் நேராகச் சுற்றாது. அதனால் வெல்டர் இந்தப் பக்கம் ஒரு விரல் நீளம், அந்தப் பக்கம் ஒரு விரல் நீளம் என்று வைத்துவிட்டு, ஆறும் வரை பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சும்மா இருக்கிறார் என்றுதான் வெளியாள் யாரும் நினைப்பார்கள்.

சீட்டின் சாய்வு அதைவிட நுணுக்கம். கியர் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் நீளத் தண்டை ஜாயிண்ட் என்பார்கள்; அதன் ஒரு முனையில் சுழற்சியில் விழும் ஏற்ற இறக்கத்தை மறுமுனை அப்போதுதான் சரிக்கட்டும். கோணம் தப்பினால் வேகம் எடுத்ததும் வண்டி உதறும். குறுக்குச் சிலுவை சீக்கிரம் தேயும். மேஸ்திரியிடம் இருந்தது கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் ஒரு கோணமானியும். புதிய டிஃபரன்ஷியலின் மூக்கு நீளம் அதிகம் என்பதால் ஜாயிண்ட்டை லேத்துக்கு அனுப்பிக் குறைக்க வேண்டியிருந்தது.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது கிரவுன் பினியனைத் திறந்தபோது. பழைய ஆக்ஸிலில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 6. புதியதில் 41க்கு 7. சக்கரம் ஒரு முறை சுற்றப் பழையதில் ஜாயிண்ட் 6.83 சுற்று சுற்ற வேண்டும், புதியதில் 5.86 போதும். சமதளத்தில் டீசல் மிச்சம், இன்ஜினுக்கும் அலறல் குறைவு. ஓனருக்கு இதுதான் பிடித்திருந்தது. மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை.

“ஏறுறதுக்கு இழுவ பத்தாதுங்க. அதக்கூட விடுங்க, எறங்கறப்போ?” என்றவர், தொப்பூரைச் சொன்னார்.

தருமபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர்க் கணவாய் இறக்கம் லாரிக்காரர்களுக்குத் தெரிந்த இடம். விபத்துச் செய்திகளில் நமக்கும் தெரிந்த இடம். வடக்கே போன ரிக் வண்டிகள் பெங்களூர் வழியாகத் திரும்பும்போது அதில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் பாதி வேலை இன்ஜினுடையது. ஏழு பல் பினியனோடு அதே கியரில், அதே வேகத்தில் இறங்கினால் இன்ஜின் ஏழில் ஒரு பங்கு குறைவாகச் சுற்றும். அது இழுத்துப் பிடிக்கும் பிடியும் குறையும். அந்தச் சுமை முழுக்க லைனிங் மேல் விழும். டிரம் சூடாகி விரியும், ஷூ அதை எட்டிப் பிடிக்கச் சேம்பரின் தள்ளுகம்பி இன்னும் வெளியே வர வேண்டும். அந்தக் கம்பிக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை வந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் இல்லை. புதிய ஆக்ஸில் போட்டும் இறக்கத்தில் வண்டி பழையதைவிட மோசமாகலாம் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். ஆறு பல் ஜோடி ஒன்றைத் தேடி வாங்கிப் பொருத்தினார்கள். கிரவுனும் பினியனும் ஒன்றாக உரசிச் சேர்த்த ஜோடி. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, சாயம் பல்லின் நடுவில் அழியும் வரை ஷிம் தகடுகளை வைத்தும் எடுத்தும் பார்த்தார்கள்.

பிரேக் வேலைக்கு மேஸ்திரி யாரையும் விடவில்லை. 24 சதுர அங்குலச் சேம்பரில் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் காற்று புகுந்தால், தள்ளுகம்பியில் ஆயிரம் கிலோவுக்கு மேல் விசை வரும்; 30 சதுர அங்குலம் என்றால் 1,350 கிலோ வரை. பிரேக் பிடிக்கும்போது கம்பி ஸ்லாக் அட்ஜஸ்டரைச் செங்கோணத்தில் தள்ளினால்தான் அந்த விசை முழுதாக, ஷூவை விரிக்கும் கேம் ஷாஃப்ட்டுக்குப் போகும். நான்கு சக்கரத்திலும் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். பின்னால் ஸ்பிரிங் பிரேக். காற்று இறங்கினால் உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தானாகச் சக்கரத்தைப் பிடிக்கும். அந்தச் சேம்பரை நீள போல்ட் போட்டு அடக்காமல் திறந்தால் மூடி ஆளைக் கொல்லும். பையன்களிடம் “டேய் கண்ணு” என்று பேசும் மனிதர், அதன் பக்கம் ஒருவன் ஸ்பேனரோடு போனதும் போட்ட சத்தம் சாலை வரை கேட்டது.

அதே மனிதர், பழைய டிரம்முக்குள் இருந்த லைனிங் தூசியை இன்னொரு பையன் காற்றுக் குழாயால் ஊதியபோது ஒன்றும் சொல்லவில்லை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்; வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு இந்தியாவில் முழுத் தடை கிடையாது. நான் சொன்னேன். ஈரத்துணியால் துடைத்தார்கள், நான் நின்ற வரைக்கும்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டேன். பதிவுச் சான்றில் (ஆர்சி) உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷம்தோறும் எஃப்சி என்னும் தகுதிச் சான்று வேண்டும். இந்த மாதிரி வேலை அனுமதிக்குள் வருமா என்பதை ஓனர் பார்த்துக்கொள்வார் என்பது பட்டறையின் பதில். எனக்கு அது போதவில்லை. அதே சமயம், கசியும் ஆயில் பிரேக்கோடு அந்த வண்டி இத்தனை நாள் சாலையில் போனதும் எஃப்சியோடுதான். கம்பியின் கோணத்தை மூலைமட்டம் வைத்துப் பார்த்த ஒரே ஆள் இந்த மேஸ்திரியாகத்தான் இருக்கும். அவர் பார்த்ததற்கு எந்தத் தாளிலும் கையெழுத்து இல்லை.

மண் தரையில் வண்டியை ஓட்டிச் சட்டென்று நிறுத்தி, சக்கரத் தடங்களைக் குனிந்து பார்த்தார்கள். இடது முன்சக்கரம் பிந்தியது. அட்ஜஸ்டரைத் திருகி மறுபடி ஓட்டினார்கள். சாயங்காலம் வந்த ஓனர், 2018இல் மத்திய அரசு நான்கு டயர் ஒற்றை ஆக்ஸிலின் எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 ஆக உயர்த்தியதை நினைவில் வைத்திருந்தார். இனி ரெண்டு டன் கூடப் போடலாமா என்றார்.

“சேஸிஸ் பழசு, பட்டை பழசு, ஆர்சியும் பழசுங்க. லோடும் பழசுதான்” என்றார் மேஸ்திரி.

கொஞ்ச தூரம் ஓடியதும் யூ போல்ட் தளரும், மறுபடி முடுக்க வண்டி வர வேண்டும் என்றார். வண்டி மறுநாளே சத்தீஸ்கர் போகிறது. மேஸ்திரி டிரைவரை அழைத்து, வண்டிக்கு அடியில் படுக்க வைத்து, எந்த நட்டை முதலில், எதை அடுத்து, எவ்வளவு நீளக் குழாயை ஸ்பேனரில் சொருகி முடுக்க வேண்டும் என்று செய்து காட்டினார். டிரைவர் இரண்டு முறை செய்து காட்டிய பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.