நைனா இருந்த லைன்

2018இல் ‘கே.ஜி.எஃப்’ படம் வந்ததிலிருந்து, எந்த ஊர் என்று கேட்பவர்களிடம் கோலார் தங்கவயல் என்று சொன்னால் முகமே மாறிவிடுகிறது. சவுக்கும் சங்கிலியும் அடிமைகளும்தான் அவர்கள் மனதில் நிற்கிறார்கள். சுரங்கக் கழிவு மண் குவிந்த எங்கள் சைனட் மலையில் செட் போட்டு எடுத்த படம் அது. சின்ன வயதில் நாங்கள் சறுக்கி விளையாடிய அதே மலை. தங்கவயலில் கஷ்டத்துக்குக் குறைவில்லை, யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தப் புழுதியில்தான் என் நைனாவும் இருந்தார். அவர் உட்கார்ந்த திண்ணையில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. அதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும்.

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தங்கம் தோண்ட வந்தபின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் கூட்டம் கூட்டமாக ஜனம் போய்ச் சேர்ந்தது. எங்கள் பாட்டன் குடியாத்தம் பக்கத்திலிருந்து போனவர். இயந்திரம் ஓட்டச் சிவசமுத்திரத்திலிருந்து 1902லேயே மின்சாரம் வந்துவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு அது வந்து சேர ரொம்பக் காலமாயிற்று. சாம்பியன் ரீஃபில் எங்கள் வீடு ஒரே அறை, முன்னால் மூங்கில் தட்டி வைத்து மறைத்த இடம் கொஞ்சம். பக்கத்து வீட்டில் தாளிக்கிற வாசனையும் சண்டையும் எங்கள் வீட்டுக்குள்ளேயே நடப்பது மாதிரி இருக்கும். நைனாவுக்கு அது வசதி. இங்கிருந்தபடியே அந்த வீட்டுச் சண்டைக்குப் பதில் வசனம் பேசுவார், எம்.ஜி.ஆர் குரலில் ஒரு பக்கம், நம்பியார் குரலில் இன்னொரு பக்கம். சண்டை போட்டவர்களே சிரித்துவிடுவார்கள்.

சம்பள நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூணடுக்கு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு, இழவு வீட்டுக்குப் போய் வந்த முகத்தோடு உள்ளே வருவார். “இன்னாமே பண்றது, மொத்தமும் பிடிச்சுக்கினாங்க” என்பார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், “இனிமே பிள்ளைங்களுக்கு இன்னாத்தய்யா போடுவேன்” என்று மாரில் அடித்துக்கொள்வாள். நாங்கள் கேரியரைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். முதல் அடுக்கைத் திறந்தால் ராபர்ட்சன்பேட்டை ஜாங்கிரி. இரண்டாவதில் மல்லிகைப்பூ. அதில் நேற்றைய ரசத்து வாசனையும் கலந்திருக்கும். மூன்றாவதைத் தானே திறந்து, தெருவில் பொறுக்கிய கூழாங்கல் ஒன்றைக் காகிதம் பிரித்து எடுப்பார். “உனக்குத் தங்கம் கொணாந்தேன், வச்சிக்கோ” என்று அம்மா கையில் வைப்பார். சுரங்கத்தில் வேலை முடிந்து மேலே வருகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். அம்மா காதில் கடைசிவரை கவரிங் கம்மல்தான். அந்தக் கற்களையெல்லாம் அவள் ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

கீழே என்ன நடக்கிறது என்று கேட்டால் அவர் ஒழுங்காகப் பதில் சொன்னதே கிடையாது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அடியில் பாறைச் சூடு அறுபது டிகிரிக்கு மேல் ஏறும், குளிர்காற்றை இறக்கினால்தான் மனுஷன் நிற்க முடியும் என்பதெல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அவர் சொன்னதெல்லாம், “நரகத்துக்குப் பக்கத்து வூடு பாப்பா, அங்கிருந்து தீ கடன் வாங்கித்தான் பீடி பத்த வைக்கிறோம்” என்பதுதான். டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் சுரங்கத்தின் ஆழத்தில் கருவி வைத்து 1965இல் காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்ற துகளைப் பதிவு செய்தார்கள். எண்பதுகளிலும் ஜப்பான்காரர்களோடு சேர்ந்து வேறொரு சோதனை நடத்தினார்கள். அதைப் பற்றி நைனா லைன் முழுக்கச் சொன்ன கதை: “நாம தேடறது கிடைச்சாலும் நம்மளுது இல்ல. அவங்க தேடறது கிடைச்சாலும் கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் பொருத்தம்தான்.”

சில நாள் தரை குலுங்கும். பூமிக்கடியில் பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். அலமாரிப் பாத்திரங்கள் உருண்டு விழும். பொம்பளைகள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். அப்படி ஒரு நாள் அம்மா போய் நின்று, இருட்டின பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே, “பாறைக்குத் தும்மல் வந்துச்சு, கர்ச்சீப் குடுத்துட்டு வரேன்” என்றார். நாங்கள் சிரித்தோம். சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் பிடித்தார், அப்படியும் பாதித் தண்ணீர் சட்டையில் சிந்திற்று. அவரோடு இறங்கிய ஒருவர் அன்று மேலே வரவில்லை. அந்தச் சங்கதி மறுநாள் லைனில் பேசிக்கொண்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் நைனா விளையாட்டுப் பிள்ளையாக இருந்தார் என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு ஷிப்ட் கீழே முடித்துவிட்டு, மேலே வந்து எங்களுக்காக இன்னொரு ஷிப்ட் பார்த்தவர் அவர்.

ஏப்ரல் 14 வந்தால் ஆளைப் பிடிக்கவே முடியாது. அம்பேத்கர் பிறந்தநாளுக்குத் தங்கவயலே வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ளும். ஊர்வலத்தில் பாண்டு வாத்தியத்துக்கு முன்னால் அவர் ஆட ஆரம்பித்தால் வாத்தியக்காரர்கள்தான் களைத்துப்போவார்கள். அம்மாவையும் கையைப் பிடித்து இழுப்பார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, “மானம் போவுதுய்யா” என்பாள், நகரமாட்டாள்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. ஷிப்டுக்கு ஊதும் சங்கு நின்றது. நேரம் தெரியாமல் லைனே தடுமாறியது. அண்ணன்மார் எல்லாரையும் போல விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்பினார்கள். நைனா சும்மா இருக்க முடியாமல் சில நாள் அவர்களோடு ஏறிக்கொள்வார். பங்காரப்பேட்டை வருவதற்குள் தூங்கி வழிகிற பெட்டியை எழுப்பிவிடுவார். இருமல் வந்து வசனம் பாதியில் நின்றால், மீதியைக் கேட்டுக்கொண்டிருக்கிற பையன்களே சொல்லி முடிப்பார்கள்.

அவர் போய் வருஷங்களாகிவிட்டன. அம்மாவுக்குக் காது மந்தம். ஆனால் பேரப்பிள்ளைகள் வந்தால் அவர் குரலில் நம்பியார் வசனம் பேசிக் காட்டுகிறாள். வசனம் தப்பு, குரலும் சேரவில்லை. முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. “உங்க தாத்தன் சொன்னா இன்னும் நல்லாருக்கும்” என்று சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.