திருக்கைக் கணக்கு

உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் அநேகமாக பிளாஸ்டிக். பெயர் மட்டும் ஒரு பிராணியிடம் வாங்கிய கடன். அந்தப் பிராணி, கடற்பஞ்சு. ரொம்ப காலம் அதைச் செடி என்றே பலரும் நினைத்தார்கள். 1765-ல் ஜான் எல்லிஸ் என்பவர், அது தண்ணீரை இழுத்து விடுவதைக் கவனித்து, 'இது மிருகம்தான்' என்றார்.

மூளை, இதயம், வயிறு எதுவும் கிடையாது. பாறையில் ஒட்டிக்கொண்டு, உடம்பிலுள்ள துளைகளால் கடல்நீரை இழுத்து, பாக்டீரியாவை வடிகட்டிச் சாப்பிடும். ஆயுசுக்கும் இதே உத்தியோகம்.

1986-ல் தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவில் இதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் திருக்கை. சுறாவுக்குச் சொந்தம். உடம்பில் எலும்பே இல்லை, எல்லாம் குருத்தெலும்பு. மணலுக்குள் ஒளிந்திருக்கும் நண்டை, அதன் உடம்பில் கசியும் துளி மின்சாரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும். போதாததற்கு வாலில் விஷ முள்.

இரண்டில் எது பிழைக்கத் தெரிந்தது? திருக்கை என்பீர்கள். கொஞ்சம் பொறுங்க.

1907-ல் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கடற்பஞ்சைத் துணியில் வைத்துப் பிழிந்தார், இடியாப்பம் பிழிகிற மாதிரி. தனித்தனி செல்லாகச் சிதறியது. அந்தச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்து, திரும்பக் கடற்பஞ்சாகிவிட்டன!

திருக்கைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முள்வால் திருக்கைகள் குட்டி போடுகிறவை. கருப்பைக்குள்ளேயே பால் போன்ற ஒரு திரவத்தை ஊட்டி, ஈத்துக்குச் சில குட்டிகளை மட்டும் வளர்க்கும். வலையில் சிக்கினால் பல சமயம் அந்த அதிர்ச்சியிலேயே கரு கலைந்துவிடும்.

எங்கள் வீட்டில் குழந்தை பிறந்த சமயம், காட்டாங்குளத்தூர் தெருவில் மீன் விற்கும் அம்மா, "திருக்கையைப் புட்டு பண்ணிக் குடு தம்பி, தாய்க்குப் பால் ஊறும்" என்று கூடையில் இருந்ததைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்பாகத்தான் கொடுத்தார். நானும் மிச்சம் வைக்கவில்லை. ஒரு தாய்க்குப் பால் ஊற, இன்னொரு தாய் சட்டிக்கு வந்தது என்பது பிற்பாடு படித்தபோதுதான் உறைத்தது.

சில வகைத் திருக்கைகளைப் பிடிக்க 2001-லிருந்தே சட்டத்தில் தடை இருக்கிறது. மற்றவை சந்தைக்கு வருகின்றன. மீனவர் பிழைப்பும் அதில் இருக்கிறது; சாப்பிடாதே என்று சொல்ல நான் யார்?

ஆனால் பி.காம். படித்தவனுக்கு ஒரு கணக்கு தெரியும். ஒரு வருஷத்துக்குள் வளர்ந்து முட்டையிட்டுத் தள்ளும் நெத்திலி, வட்டி மாதிரி. திருக்கை, முதல். வட்டியில் குடும்பம் நடத்தலாம். முதலில் கை வைத்துக்கொண்டே இருந்தால், கடையைச் சாத்த வேண்டியதுதான்.