பத்தாந்தேதி

டிசம்பர் 13, 2025, சனி
கோயமுத்தூர் கோர்ட்டு. லோக் அதாலத். பூராவும் எங்களாட்டக் கடன்காரங்கதான். பேங்குக்கு அசலும் வட்டியுமா 5,40,000. பேசிப் பேசி 3,60,000க்கு முடிஞ்சுது. வளையல் வித்த 60,000 அங்கேயே கட்டியாச்சு. மீதி மாசாமாசம் பத்தாந்தேதிக்குள்ள 30,000, பத்துத் தவணை. ஒண்ணு தப்பினாலும் தள்ளுபடி ரத்து. கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாதுன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. இவரு தலையாட்டினாரு. என் கைதான் வேர்த்துச்சு. வெளிய வந்து கம்மங்கூழ் குடிச்சோம். நல்லா இருந்துச்சு.

டிசம்பர் 16
போன் அடிச்சாலே வயித்தைக் கலக்குது. இன்னிக்கு அடிச்சது கேஸ் சிலிண்டர்காரன்தான். சாயந்திரம் ஏழு மணிக்கு மேல வசூலுக்குக் கூப்பிடக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்கு விதியே இருக்காம். கோர்ட்டுல ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரியும். ராத்திரி பத்து மணிக்கெல்லாம் கூப்பிட்டுக் கத்தினானே அந்த வசூல்காரன்.

டிசம்பர் 22
பாவு வரலை. ரெண்டு தறி சும்மா நிக்குது. ஏப்ரல்ல அத்தனை நாள் தறியை நிறுத்திப் போராடி 15 சதவீதம் கூலி ஏறுச்சு. பாவு குடுத்தாத்தானே கூலி?

டிசம்பர் 28
நிக்கறது ரெண்டையும் எடைக்குப் போட்டரலாமாங்கறாரு. பதில் பேசலை. மாமா வாங்கின தறி.

ஜனவரி 2
பாவு வந்துருச்சு! எட்டுத் தறியும் ஓடுது. இந்தச் சத்தத்துலதான் எனக்குத் தூக்கமே வருது. தறியை விக்கறதாவது.

ஜனவரி 6
பத்தாந்தேதி ரெண்டாஞ்சனி. பேங்கு லீவு. மறுநாள் ஞாயிறு. திங்கக்கெழமை கட்டினா தப்பின கணக்கா? போன் பண்ணினா யாரும் எடுக்கலை. நமக்குக் கூலி சனிக்கெழமைதான் வரும். நெஞ்சு படபடங்குது.

ஜனவரி 8
தம்பிகிட்டக் கேட்டுட்டேன். "பொங்கச் சீருக்கு எடுத்து வெச்சதுதான்க்கா, வாங்கிக்க"ன்னான். சீரை முன்பணமா வாங்கின அக்கா நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ஜனவரி 9
கட்டியாச்சு. மீதி 2,70,000. பஸ்ல ரசீதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ராத்திரி அரிசிம்பருப்பு, நெய் தாராளமா. இவரு பாட்டெல்லாம் பாடறாரு.

ஜனவரி 14
காப்புக்கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ. தறிக்குடோன் வாசல்லயும் சொருகினேன். தம்பி கரும்போட வந்தான். "சீர் என்னங்க வந்துச்சு?"ன்னு நாத்தனார். ஏன் கேக்கணும்? பொழுதோட வரைக்கும் எரிச்சல்.

ஜனவரி 24
மறுபடி பாவு இல்லை. காலு வீங்கிக் கெடக்குது. எல்லாம் கட்டி முடிச்சாலும் சிபில்ல 'செட்டில்டு'ன்னுதான் காட்டுமாம், முழுசாக் கட்டினதா ஆகாதாம். பாப்பா படிப்புக்குக் கடன் கேட்டா அதைத்தான் பார்ப்பாங்க. அப்புறம் எதுக்கு இந்தக் கோர்ட்டு, கையெழுத்து எல்லாம்? இல்லை, வீட்டுல நோட்டீஸ் ஒட்டறதுக்கு இது தேவலாம்.

பிப்ரவரி 1
தைப்பூசம். மருதமலை போகலை, பஸ்சு காசு மிச்சம். முருகா, பத்தாந்தேதி.

பிப்ரவரி 7
எடைக்காரன் வந்தான். போட்டாச்சு, ரெண்டும். வார்ப்பு இரும்பு, சம்மட்டி ரெண்டு போடு போட்டதும் பக்கச் சட்டம் விட்டுப்போச்சு. உள்பக்கம் சாம்பல் நெறத்துல பொடிப்பொடியா மினுங்குது. மாமா பேரு எழுதின துண்டு மேலாப்புல கெடந்துச்சு. இவரு டீ குடிக்கறேன்னு போனவரு வரவே இல்லை. தராசுகிட்ட நின்னு ஒவ்வொரு எடையும் நான்தான் குறிச்சேன். கிலோவுக்கு ஒரு ரூவா சேத்தியும் வாங்கினேன். மொத்தம் முப்பதாயிரத்துக்கு மேல வந்துச்சு. அழுவாச்சி வரலை. பசிதான் வந்துச்சு.

பிப்ரவரி 10
கட்டியாச்சு. மீதி 2,40,000. கவுண்டர்ல இருக்கற பையன் இப்பெல்லாம் "வாங்கக்கா"ங்கறான். மார்ச்சு 10 செவ்வாய்க்கெழமை. பேங்கு உண்டு.