பாலத்தடியில் காத்திருந்த பூசான்!

'ட்ரெயின் டு பூசான்' படத்தில் ஜாம்பிகளிடமிருந்து தப்பிக்க எல்லோரும் பூசானை நோக்கித்தான் ஓடுவார்கள். அந்தப் படம் வந்தது 2016-ல். ஆனால், கொரிய மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பூசானுக்கு ஓடியது 1950-லேயே நடந்துவிட்டது. வட கொரியப் படைகளிடம் கடைசிவரை பிடிபடாத ஊர்களில் ஒன்று இது. போர்க்காலத்தின் பெரும்பகுதி தற்காலிகத் தலைநகரும் இதுதான்.

இன்று சியோலில் அதிவேக ரயில் ஏறினால் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பூசான். வந்ததும் பலரும் ஹேயுண்டே கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். மணலும் கண்ணாடிக் கோபுரங்களுமாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், ஊரின் கதை இருப்பது பழைய துறைமுகப் பக்கம். அதற்கு மெட்ரோவில் நாம்போ ஸ்டேஷனில் இறங்க வேண்டும்.

பக்கத்திலேயே யோங்டோ பாலம். கப்பலுக்கு வழிவிட ஒரு பகுதி அப்படியே மேலே எழும்பும் பாலம். திறக்கப்பட்டது 1934-ல். போரில் சிதறி ஓடிய குடும்பங்கள், ''தொலைந்துபோனால் யோங்டோ பாலத்தில் பார்ப்போம்'' என்று சொல்லிக்கொண்டுதான் பிரிந்தன. முன்பின் பார்த்திராத ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். வந்தவர்கள் காத்திருந்தார்கள். கணவர் வருவாரா, பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்க ஆள் வேண்டுமே... பாலத்தடியில் ஜோசியக்காரர்கள் வரிசையாகக் கடை போட்டார்கள். 1966-ல் தூக்குவதை நிறுத்திய பாலத்தை, புதுப்பித்து 2013-ல் மீண்டும் தூக்கத் தொடங்கினார்கள்.

காத்திருந்தவர்களுக்குக் கூரை வேண்டுமே? மலையேறினார்கள். அமி-டோங் பகுதியில் இருந்தது ஜப்பானியர்களின் இடுகாடு. 1945-ல் அவர்கள் நாட்டைவிட்டுப் போய்விட, அகதிகள் அந்தக் கல்லறைகளின் மேலேயே குடிசை போட்டார்கள். கல்லறைக் கற்கள் வீட்டுக்கு அஸ்திவாரமாகவும் படிக்கட்டாகவும் ஆயின. சந்துகளில் அவற்றை இன்றும் பார்க்கலாம்.

அருகிலுள்ள கம்சியோன் கிராமமும் 1950-களில் உருவான ஏழைக் குடியிருப்புதான். முன்வீடு பின்வீட்டை மறைக்காதபடி படிப்படியாகக் கட்டிய வீடுகள். 2009-ல் ஓவியர்கள் கைவைத்த பிறகு வண்ணமயமான சுற்றுலாத்தலமாகிவிட்டது. 'குட்டி இளவரசன்' சிலையோடு படமெடுக்க நீண்ட க்யூ! அந்த வீடுகளில் இன்னும் குடும்பங்கள் வசிக்கின்றன. ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாமல் இருப்பது நல்லது.

பசித்தால் மில்மியோன். வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு ஊர் நூடுல்ஸ் மீது ஏக்கம். அதற்கான பக்வீட் கிடைக்கவில்லை. கிடைத்தது அமெரிக்க நிவாரண கோதுமை மாவு. அதிலேயே செய்து பார்த்தார்கள். குளிர்ந்த சூப்பில் மிதக்கும் அந்த நூடுல்ஸ், இன்று பூசானின் கோடைக்கால ஸ்பெஷல்.