இருபத்திரண்டு வருஷ மாலிக்யூல்

சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை, பழைய நண்பர். அவர் பையன் வேதியியலில் பி.எச்டி. செய்கிறான்.

“வெளிச்சம் பட்டா வளையற மாலிக்யூலாம்டா. நாலு வருஷமா அதையே கட்டிண்டு அழறான். கூடப் படிச்சவன்லாம் ஃப்ளாட் வாங்கிட்டான். நீயாவது சொல்லேன்” என்றார், ரசத்துக்கு நடுவில்.

ஒளி பட்டு வளைவதும் நிமிர்வதும் அற்பமல்ல. உங்கள் கண்ணில் ரெட்டினால் அப்படி நிமிர்வதால்தான் இந்த வரியைப் படிக்கிறீர்கள். அதைச் சொல்லிவிட்டு, பென் ஃபெரிங்காவைச் சொன்னேன்.

நெதர்லாந்தின் விவசாயக் குடும்பம் ஒன்றில் பத்துக் குழந்தைகளில் இரண்டாமவர். குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1977-ல், பேராசிரியர் வின்பர்குடன் ஒரு விசித்திர மாலிக்யூல் பற்றிக் கட்டுரை எழுதினார். இரண்டு அகலமான பாதிகள், நடுவே இரட்டைப் பிணைப்பு. இடம் போதாமல் பாதிகள் இடித்துக்கொண்டு முறுக்கிக்கொள்ளும் (இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர்). 1978-ல் டாக்டர் பட்டம். ஷெல் கம்பெனியில் ஆறு வருஷம். 1984-ல் மறுபடி குரோனிங்கன், 1988-ல் பேராசிரியர்.

1999-ல் அதே குடும்பத்து மாலிக்யூல் ஒன்று சுற்றியது. புற ஊதா ஒளி பட்டதும் ஒரு பாதி அரைவட்டம் திரும்பும். இதில் அதிசயமில்லை, சாதாரணமாக, போன வழியே திரும்பி வந்துவிடும். ஃபெரிங்கா பாதிக்கு ஒன்றாக வைத்த மெதில் தொகுதி, சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி, பின்னால் போகவிடவில்லை. கொஞ்சம் சூடு, மறுபடி ஒளி, மறுபடி சூடு. முழுச் சுற்று, ஒரே திசையில். ஒளியில் ஓடும் மாலிக்யூல் மோட்டார்!

முதல் மோட்டார் நத்தை. 2014-ல் விநாடிக்கு 1 கோடியே 20 லட்சம் சுற்று. நடுவில் 2006-ல், தன்னைவிடப் பத்தாயிரம் மடங்கு பெரிய கண்ணாடிக் குச்சியையே இவை சுழற்றின. 2016-ல் நோபல் பரிசு, சவாஜ், ஸ்டாடர்ட் இருவருடன் பங்கு. ‘இதனால் என்ன பயன்?’ என்ற கேள்விக்கு, ரைட் சகோதரர்களையும் இப்படித்தானே கேட்டிருப்பார்கள் என்றார். கடையில் வாங்கும்படி இன்னும் பெரிதாக எதுவும் வரவில்லை என்பதையும் நண்பரிடம் மறைக்கவில்லை.

மோர் சாதம் வரை பேசாமல் கேட்டவர், கை அலம்பும்போது, “இன்னிக்கே பையன்கிட்ட பேசிடறேன்” என்றார்.

“என்னன்னு?”

“ஷெல்லுக்கு அப்ளை பண்ணச் சொல்லி.”