ரான்சம் வந்து சேர்ந்த ஊர்

மதுரை

அன்புள்ள யாழினி,

உன் கடிதம் கிடைத்தது. நீ கென்யன் கல்லூரியில் ஆங்கிலமும் எழுத்தும் படிக்கப் போனதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். உன் அப்பாதான், "பெரிய யுனிவர்சிட்டி எதுவும் கெடைக்காத மாதிரி ஒரு கிராமத்துல போய்ச் சேர்ந்திருக்காளே அக்கா" என்று போனில் புலம்புகிறான். அந்தக் கிராமத்தின் கதையை அவனுக்குச் சொன்னேன். உனக்கும் எழுதுகிறேன்.

கல்லூரியை 1824-ல் தொடங்கியவர் பிலாண்டர் சேஸ் என்ற பிஷப். ஆனால் இலக்கியக் கதை 1937-ல்தான் ஆரம்பிக்கிறது. அப்போது புதிதாகத் தலைவரான கார்டன் சால்மர்ஸ், டென்னசியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்த கவிஞர் ஜான் குரோ ரான்சமை, கல்லூரி இருக்கும் கேம்பியருக்கு அழைத்தார். ரான்சமை விட்டுவிடக் கூடாது என்று அவருடைய பழைய மாணவர் ஆலன் டேட் வாண்டர்பில்ட் நிர்வாகத்துக்குப் பகிரங்கமாகவே கடிதம் எழுதினார். பலிக்கவில்லை.

ரான்சமுடன் ராண்டல் ஜாரல் இளம் விரிவுரையாளராக வந்தார். ஹார்வர்டை உதறிவிட்டு ராபர்ட் லோவெல் மாணவனாக வந்தான். இருபது வயதுப் பையன். அந்தக் கோடையில் கவிதை கற்றுக்கொள்ள டேட் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறான். வீடு நிறைய விருந்தாளிகள். இடமில்லை, வேண்டுமானால் புல்வெளியில் கூடாரம்தான் போட வேண்டும் என்று பேச்சுக்குச் சொன்னார்கள். பையன் கடைக்குப் போய் நிஜமாகவே ஒரு கூடாரம் வாங்கி வந்து முற்றத்தில் அடித்துவிட்டான்! அதே பிடிவாதத்தோடுதான் கேம்பியர் வந்து சேர்ந்தான். லோவெல்லும் ஜாரலும் ரான்சம் வீட்டு மாடியிலேயே தங்கினார்கள். அடுத்த வருஷம் பீட்டர் டெய்லர் வந்தார். அவரும் லோவெல்லும் டக்ளஸ் ஹவுஸில் ஒரே அறை.

இதை நீ யோசித்துப் பார்க்க வேண்டும். கீழே ஆசிரியர், மேலே எழுதுகிறவர்கள். எழுதியதைக் காட்ட யாரிடமும் நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான பேர் படிக்கும் இடத்தில் இது நடக்காது என்பதுதான் உன் அப்பாவுக்கு நான் சொன்ன பதில். 1939-ல் ரான்சம் 'கென்யன் ரிவ்யூ' இதழைத் தொடங்கினார். அந்த ஆண்டிலேயே, இன்னும் பட்டம் வாங்காத லோவெல்லின் கவிதைகள் அதில் வந்தன. பின்னால் லோவெல்லுக்கும் டெய்லருக்கும் புலிட்சர் கிடைத்தது. 1952-ல் அங்கே பட்டம் வாங்கிய ஜேம்ஸ் ரைட்டுக்கும் கிடைத்தது.

ரான்சம் அப்படி என்ன கற்றுக்கொடுத்தார்? கவிஞனின் வாழ்க்கை வரலாற்றையும் காலத்தையும் மட்டும் பேசிவிட்டு வகுப்பை முடிக்காதே, தாளில் இருக்கும் கவிதையைப் பார் என்றார். இந்தச் சொல் ஏன் இங்கே, இந்த உவமை எதைத் தாங்குகிறது, ஓசை எங்கே தடுக்குகிறது என்று வரி வரியாகக் கேட்கும் முறை. 1941-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே, 'நியூ கிரிட்டிசிசம்' என்று அந்த முறைக்குப் பெயராக நின்றுவிட்டது. கைடில் இருந்த சுருக்கத்தை மனப்பாடம் செய்து பி.ஏ. எழுதிய தலைமுறை என்னுடையது. கவிதையைத் தொடாமலேயே கவிதைத் தாளில் முதல் வகுப்பு வாங்க முடிந்தது. அதனால்தான் இந்த முறைமேல் எனக்கு இத்தனை பிடிப்பு. தமிழில் சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, கையைச் சுட்டுக்கொண்டு நடத்தினாரே, அதில் அவர் வளர்த்த அலசல் விமர்சனமும் இதற்கு உறவுதான்.

ஆனால் ரான்சமைத் தூக்கிவைத்துக் கொண்டாட மட்டும் இதை எழுதவில்லை. 1944-ல் ராபர்ட் டங்கனின் கவிதை ஒன்றைத் தன் இதழில் பிரசுரிக்க ஏற்றுக்கொண்டார். டங்கன் தன்பாலீர்ப்பைப் பற்றி வெளிப்படையாக ஒரு கட்டுரை எழுதியதும், கவிதையைத் திருப்பி அனுப்பிவிட்டார். கவிதையைக் கவிஞனிடமிருந்து பிரித்துப் பார்க்கச் சொன்னவர் அவர்தானே? தன் பாடத்தைத் தானே மீறினார். எனக்கு இது இன்றும் ஆறவில்லை.

இன்னொன்று, உனக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஃபிளானரி ஓ'கானர் என்ற பெண் எழுத்தாளரின் கதையை 'கென்யன் ரிவ்யூ' 1953-ல் வெளியிட்டது. எழுத உதவித்தொகையும் கொடுத்தது. ஆனால் அதே ஊர்க் கல்லூரியில் ஒரு பெண் மாணவியாகச் சேர முடியாது. 1969-ல்தான் பெண்களுக்குக் கதவு திறந்தது. அடுத்த வருஷமே இதழ் நின்றுபோனது; 1979-ல் மறுபடி வந்தது. இன்று உன் வகுப்பில் பாதிக்குமேல் பெண்கள் என்று நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன்.

நூலகத்தில் 1953-ன் வசந்தகால இதழைக் கேட்டு எடு. ஓ'கானரின் கதையைத் தொகுப்பில் படிக்காமல் அந்தத் தாளிலேயே படி. முதல் பத்தியை மட்டும், எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பென்சிலால் குறித்து எனக்கு அனுப்பு. நானும் இங்கே குறித்து வைக்கிறேன், ஒப்பிட்டுப் பார்ப்போம். குளிர் ஆரம்பித்துவிடும், நல்ல ஷூ வாங்கிக்கொள். பணம் வேண்டுமென்றால் அப்பாவிடம் கேட்காமல் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை